ஆறு மில்லிமீட்டர் தகட்டின் வரவு செலவு

முதலில் வரவுப் பக்கம். 16 மி.மீ தடிமன் உள்ள எஸ் 355 தகடு ஒன்று; 355 என்பது சதுர மி.மீக்கு நியூட்டனில் அதன் வலிமை. ஒரு மி.மீ அகலத்துக்கு அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் முன் தாங்கும் இழுவிசை 16 × 355 = 5,680 நியூட்டன். அதே வேலையை எஸ் 960 தகடு 6 மி.மீ தடிமனிலேயே செய்துவிடும்: 6 × 960 = 5,760 நியூட்டன். முதல் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 125.6 கிலோ, இரண்டாவதன் எடை 47.1 கிலோ. ஒரு சதுர மீட்டரில் 78.5 கிலோ மிச்சம்.

கிரேன் கையும் கான்கிரீட் பம்பின் மடிப்புக் கையும் இந்த எஃகுக்கு மாறியதற்குக் காரணம் இந்த 78.5 கிலோதான். கிரேன் தன் கையைத் தானே தூக்கியாக வேண்டும். கை இளைத்த அளவுக்குச் சுமையைக் கூட்டலாம், அல்லது கையை இன்னும் நீட்டலாம். ட்ரெய்லர் சட்டத்திலும் கணக்கு அதே: சட்டத்தில் குறைந்த ஒவ்வொரு கிலோவும் சரக்குக்குப் போகிறது.

இந்த வரவில் சேராத இரண்டு உண்டு. எஃகின் விறைப்பு எந்த வகையிலும் ஏறக்குறைய 210 கிகாபாஸ்கல்தான். ஆகவே 6 மி.மீ தகடு 16 மி.மீ தகட்டைவிட அதிகமாகத் தொய்யும், எளிதில் நெளியும். இரண்டாவது, களைப்பு. வெல்டிங் செய்த இணைப்பு திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறனுக்கு ஐரோப்பிய விதி இ.என் 1993-1-9 எஃகின் வகையைப் பார்த்துக் கூடுதல் மதிப்பெண் தருவதில்லை. 355க்கு என்ன வளைகோடோ உயர்வலிமை எஃகுக்கும் அதே. வடிவமைப்பாளர் இதை மறந்திருந்தால் வெல்டர் எவ்வளவு கவனமாக வேலை செய்தும் பயனில்லை.

வெல்டிங் செலவிலேயே லாபம் வருமா? 60 டிகிரி வி வெட்டு, 2 மி.மீ இடைவெளி, மேற்புடைப்புக்குப் பத்து சதவீதம் என்று வைப்போம். 16 மி.மீ தகட்டின் இணைப்பில் நிரப்ப வேண்டிய பரப்பு 198 சதுர மி.மீ, மீட்டருக்கு 1.55 கிலோ உலோகம். 6 மி.மீ தகட்டில் 36 சதுர மி.மீ, மீட்டருக்கு 283 கிராம். 1.2 மி.மீ வயரை நிமிடத்துக்கு 8 மீட்டர் வீதம் ஊட்டினால் முதலாவதுக்கு 22 நிமிட ஆர்க், இரண்டாவதுக்கு 4 நிமிடம்.

ரூபாய்க்கு மாற்ற விலைகள் வேண்டும். இங்கே போடுபவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள், வாசகர் தம் பட்டறை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். சாதா வயர் கிலோ ₹100, உயர்வலிமை வயர் கிலோ ₹700, ஆளும் மெஷினும் இடமும் சேர்த்து நிமிடத்துக்கு ₹10. வயரில் 5 சதவீதம் சேதாரம். 16 மி.மீ இணைப்புக்கு மீட்டருக்கு வயர் ₹163, நேரம் ₹219, ஆக ₹382. 6 மி.மீ இணைப்புக்கு வயர் ₹208, நேரம் ₹40, ஆக ₹248. வயரின் விலை ஏழு மடங்காக இருந்தும் மொத்தத்தில் லாபம்.

ஆனால் 16 மி.மீ தகட்டை அனுபவசாலி எவரும் ஒரு பக்கம் மட்டும் வெட்ட மாட்டார். இரு பக்கமும் வி வெட்டினால் நிரப்பும் உலோகம் 0.91 கிலோவாக இறங்கும், செலவு ₹225க்கு வந்துவிடும். புரட்டும் கூலி தனி. வெல்டிங் செலவை மட்டும் காட்டி இந்த எஃகை விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். உண்மையான வரவு அந்த 78.5 கிலோதான். இனிச் சொல்லப்போகும் செலவுகள் எல்லாம் அதிலிருந்து கழிபவை.

எஸ் 960 தன் வலிமையைப் பெறுவது பெரும்பாலும் ஆலையில் நடந்த வெப்பச் சிகிச்சையால்: 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தண்ணீரில் சடாரென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங் ஆர்க் அந்தத் தகட்டின் ஒரு கோட்டில் இந்த வேலை முழுவதையும் அழித்துவிட்டு, தன் இஷ்டப்படி மீண்டும் செய்கிறது. தைப்பை ஒட்டிய பகுதி 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி எடுக்கிறது என்பதே அந்தப் பகுதியின் தலையெழுத்து. இதை எட்டு-ஐந்து நேரம் என்பார்கள். மிக நீண்டால் அந்தப் பகுதி மிருதுவாகும், குளிரில் அடி தாங்கும் திறனும் போகும். மிகக் குறைந்தால் கண்ணாடிபோல் கடினமாகி, ஹைட்ரஜன் புகுந்தால் விரிசல் விடும்.

எவ்வளவு நொடி என்பதை எஃகு ஆலை தன் தாளில் தருகிறது, அந்த எண்ணே இறுதியானது. இந்தக் கட்டுரைக்கு 5 முதல் 15 நொடி என்று வைத்துக்கொள்கிறேன். 690 வகைக்கு உச்ச எல்லை இன்னும் தாராளம், 960ஐத் தாண்டி மேலே போகப் போக இறுக்கம்.

மிருதுவானால் என்ன நட்டம்? உதாரணமாக, அதிகச் சூட்டால் இணைப்பின் பயனுள்ள வலிமை 960லிருந்து 800க்கு இறங்கியது என்று வையுங்கள். அதை ஈடுகட்ட 6 மி.மீ தகட்டை 7.2 மி.மீ ஆக்க வேண்டும். தைப்புக்கு அருகில் மட்டும் தடிமனைக் கூட்ட முடியாது, தகடு முழுவதும்தான் கூட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு 9.4 கிலோ தண்டம். சில மி.மீ அகலமுள்ள ஒரு கோடு முழுத் தகட்டுக்கும் வரி போடுகிறது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளின் கவசத் தகடும் இதே குடும்பத்து எஃகு. அங்கே கேள்வி குண்டு துளைப்பது பற்றியது என்பதால் மிருதுப் பட்டையின் அகலத்தையே அளக்கிறார்கள். அமெரிக்க ராணுவத் தரவிதி மில்-எஸ்.டி.டி 1185, அந்தப் பட்டை தைப்பின் நடுக்கோட்டிலிருந்து 15.9 மி.மீயைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது.

இப்போது வெப்பக் கணக்கு. வயரும் கேஸும் ஊட்டிச் செய்யும் மேக் வெல்டிங்குக்கு இ.என் 1011 தரும் வாய்பாடு எளிது: 0.8 × வோல்ட் × ஆம்பியர் × 60 ÷ (1000 × நிமிடத்துக்கு நகரும் மி.மீ). விடை ஒரு மி.மீ நீளத்துக்கு எத்தனை கிலோஜூல் என்று வரும். 26 வோல்ட், 250 ஆம்பியர், நிமிடத்துக்கு 503 மி.மீ என்றால் 0.62 கிலோஜூல்.

இதிலிருந்து எட்டு-ஐந்து நேரத்துக்குப் போகும் வாய்பாடு ஜெர்மனியில் ஊவர், டேகென்கோல்பே இருவரின் ஆய்வில் பிறந்து, எஸ்.இ.டபிள்யூ 088 என்ற எஃகுத் தாளில் ஏறி, பிறகு இ.என் 1011-2இல் வந்து சேர்ந்தது. தடித்த தகட்டில் வெப்பம் கீழேயும் பக்கத்திலும் ஓடும், அங்கே நேரம் வெப்ப உள்ளீட்டுக்கு நேர் விகிதத்தில் கூடும். மெல்லிய தகட்டில் கீழே ஓட இடமில்லை, பக்கவாட்டில் மட்டுமே ஓட முடியும். அதனால் நேரம் வெப்ப உள்ளீட்டின் வர்க்கத்தில் ஏறுகிறது, தடிமனின் வர்க்கத்தில் இறங்குகிறது. 6 மி.மீ தகடு, மோது இணைப்பு, 30 டிகிரியில் இருக்கும் பட்டறை: வெப்ப உள்ளீட்டை அதனாலேயே பெருக்கி 29.6ஆல் பெருக்கினால் நொடிக் கணக்கு கிடைக்கும்.

0.41 கிலோஜூலுக்கு 5 நொடி. 0.62க்கு 11.4 நொடி. 1.24க்கு 45.5 நொடி. வெப்பத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் நான்கு மடங்கு. 355 எஃகில் பழகிய கைக்கு இந்த வர்க்கம் பிடிபடுவதில்லை. அங்கே கொஞ்சம் கூடினால் கொஞ்சம்தான் கெடும்.

வயரும் ஆர்க்கும் இந்தக் கணக்கில் என்ன செலவாகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 26 வோல்ட், 250 ஆம்பியர், 8 மீட்டர் வயர் என்ற அமைப்பில் ஒரு கன மி.மீ உலோகம் இறங்க 34.5 ஜூல் வெப்பம் தகட்டுக்குள் போகிறது. எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் இந்த விகிதம் மாறாது. 36 சதுர மி.மீ வெட்டை ஒரே பாஸில், அதாவது டார்ச்சின் ஒரே ஓட்டத்தில், நிரப்பினால் 1.24 கிலோஜூல், 45.5 நொடி, எல்லையைப் போல் மூன்று மடங்கு. இரண்டு பாஸாகப் பிரித்தால் பாஸுக்கு 0.62, 11.4 நொடி, எல்லைக்குள். மூன்றாகப் பிரித்தால் 0.41, சரியாக 5 நொடி, விளிம்பில் ஒரு கால்.

ஒரு பாஸோ மூன்று பாஸோ, மீட்டருக்கு வயர் 283 கிராமே. ஆர்க் நேரம் 4 நிமிடமே. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கேஸ் 60 லிட்டரே. மின்சாரம், இன்வெர்ட்டரின் திறனை 85 சதவீதம் என்று வைத்தால், அரை யூனிட்டே. வெப்பத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும், செலவு கூடும் என்று பட்டறைகளில் சொல்லும்போது, இந்த நான்கு வரிகளில் எதிலும் அது தெரிவதில்லை. கூடும் செலவு முழுவதும் ஒரே வரியில் இருக்கிறது: இரண்டு பாஸுக்கு நடுவே சும்மா நிற்கும் நேரம்.

ஏன் நிற்க வேண்டும்? இரண்டாவது பாஸ் ஓடும்போது தகடு 30 டிகிரியில் இருக்காது. அதே 0.62 கிலோஜூல் தகடு 90 டிகிரியில் இருக்கும்போது போனால் 14.9 நொடி. 100 டிகிரியில் 15.7. 150இல் 20.4. 200இல் 27.5. வெல்டர் எதையும் மாற்றவில்லை, மீட்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் அப்படியே. ஆனால் முதல் பாஸில் தேர்ச்சி பெற்ற அதே அமைப்பு இரண்டாவதில் தோற்கிறது. ஆகவே இந்த வெட்டுக்கு 90 டிகிரி வரை ஆற விட வேண்டும்.

ஆறுவதற்கும் ஒரு வர்க்கக் கணக்கு உண்டு. 1940களில் டேனியல் ரோசந்தால் எழுதிய வெப்ப ஓட்டச் சமன்பாட்டை மெல்லிய தகட்டுக்குப் போட்டால், 0.62 கிலோஜூல் வாங்கிய 6 மி.மீ தகட்டின் தைப்புக்கோடு 200 டிகிரிக்கு இறங்க 2.7 நிமிடம், 150க்கு 5.5 நிமிடம், 100க்கு 16 நிமிடம், 90க்கு 22 நிமிடம். கடைசி 10 டிகிரிக்கு மட்டும் 6 நிமிடம். தகட்டின் இரு முகத்திலிருந்தும் காற்றுக்குப் போகும் வெப்பத்தைச் சேர்த்தால், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 15 வாட் என்று வைத்தால், அந்த 22 நிமிடம் 8 நிமிடமாகச் சுருங்குகிறது. துண்டு சின்னதாக இருந்தால் மறுபடி நீளும், வெப்பம் ஓடிப்போக இடம் இருக்காது.

இங்கேதான் வெட்டின் கோணம் வருகிறது. 60 டிகிரி வியை 45 டிகிரியாக்கினால் நிரப்பும் பரப்பு 36லிருந்து 29.6 சதுர மி.மீக்கு இறங்கும். மீட்டருக்கு 283 கிராம் வயர் 232 கிராமாகும். 51 கிராம் மிச்சம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பாஸாகப் பிரித்தால் இப்போது பாஸுக்கு 0.51 கிலோஜூல் போதும். 30 டிகிரியில் 7.7 நொடி, 100இல் 10.6, 150 டிகிரியிலேயே 13.8. தகடு 150 டிகிரிக்கு வந்தவுடன் அடுத்த பாஸை ஓட்டலாம். காற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால் அதற்கு 2.6 நிமிடம். 8 நிமிடம் எங்கே, 2.6 நிமிடம் எங்கே! 15 டிகிரி கோணத்தின் உண்மையான சம்பாத்தியம் இந்த 5.4 நிமிடம். வயரில் மிஞ்சியது சில்லறை.

300 மி.மீ நீளமுள்ள ஒரு சிறு இணைப்பின் பட்டியல், கேஸ் கன மீட்டர் ₹150, மின்சாரம் யூனிட் ₹8 என்று வைத்து:

60 டிகிரி வெட்டு, இரண்டு பாஸ்: வயர் ₹62, கேஸ் ₹3, மின்சாரம் ₹1, ஆர்க் நேரம் ₹12, காத்திருப்பு ₹80. மொத்தம் ₹158.

45 டிகிரி வெட்டு, இரண்டு பாஸ்: வயர் ₹51, கேஸ் ₹2, மின்சாரம் ₹1, ஆர்க் நேரம் ₹10, காத்திருப்பு ₹26. மொத்தம் ₹90.

60 டிகிரி வெட்டு, ஒரே பாஸ்: ₹78. காத்திருப்பு இல்லை. எட்டு-ஐந்து நேரம் 45.5 நொடி.

மூன்றாவது வரி மிகவும் மலிவாகத் தெரிகிறது. தைப்பு பார்க்க அழகாகவும் இருக்கும், அகலமாக, வழுவழுப்பாக. அல்ட்ராசோனிக் சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும், ஏனென்றால் மிருதுவாதல் ஒரு ஓட்டையோ பிளவோ அல்ல. இழுத்துப் பார்த்தால்தான், கடினத்தை வரிசையாக அளந்தால்தான் தெரியும். 960 தகட்டின் விக்கர்ஸ் கடினம் ஏறக்குறைய 320 முதல் 350. அதை 3.2ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கலில் இழுவலிமை தோராயமாக வரும். தைப்பின் ஓரத்தில் 270 என்று காட்டினால் அங்கே இருப்பது 864, அவ்வளவுதான்.

மிச்சப்பட்ட ₹80க்கு எதிராக வைக்க வேண்டியது, இப்படி ஒரு துண்டு கழிந்துபோகும் விலை. தகடு கிலோ ₹200 என்றால் ஒரு சதுர மீட்டர் துண்டு ₹9,420. 118 இணைப்புகளில் ஒன்று கழிந்தாலே அத்தனை இணைப்பிலும் மிச்சம் பிடித்தது போய்விடும். அறுத்த கூலி, வளைத்த கூலி இதில் சேரவில்லை.

சரி, நிற்கும் நேரத்துக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டுமா? வேண்டாம். பட்டறையின் வரிசையை மாற்றினால் அந்த வரி பூஜ்யமாகும். 300 மி.மீ பாஸுக்கு ஆர்க் 36 நொடி. துடைப்பது, கம்பி பிரஷ் போடுவது, ஜிக்கில் திருப்புவது எல்லாம் சேர்த்து 2 நிமிடம். ஆக ஒரு பாஸுக்கு 2.6 நிமிடம். ஒரு வெல்டர் முன்னால் நான்கு ஜிக் வைத்தால், ஒன்றில் முதல் பாஸ் முடித்து மற்ற மூன்றைச் சுற்றி வருவதற்குள் 7.8 நிமிடம் ஓடிவிடும், முதல் துண்டு 90 டிகிரிக்குக் கிட்டத்தட்ட வந்திருக்கும். 45 டிகிரி வெட்டுக்கு இரண்டு ஜிக்கே போதும்.

ஆகக் கோணம் குறைந்தால் ஜிக் எண்ணிக்கை பாதியாகிறது. ஜிக்குக்கு ஆகும் பணத்தையும் அது அடைக்கும் தரையையும் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. மறுபக்கம், 45 டிகிரிக்கு இறுக்கமான பொருத்தம் வேண்டும். 2 மி.மீ இடைவெளி ஓரிடத்தில் 1 மி.மீயாகவும் இன்னோரிடத்தில் 3 மி.மீயாகவும் ஓடினால் அடியில் உருகாமல் விடும், அல்லது ஓட்டை விழும். அறுக்கும் இடத்தில் ஒழுங்கு இல்லாத பட்டறை இந்தக் கோணத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நீளமான தைப்பில் இந்தப் பிரச்சினையே வராது. நிமிடத்துக்கு 503 மி.மீ வேகத்தில் 8 நிமிடத்தில் டார்ச் 4 மீட்டர் போய்விடும். ஆகவே 4 மீட்டருக்கு மேற்பட்ட தைப்பில், கடைசி முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொடங்கிய முனை ஆறியிருக்கும். 45 டிகிரி வெட்டில் 1.6 மீட்டரே போதும். டெலிஸ்கோப் கிரேன் கையின் நீளவாட்டுத் தைப்பு இதனால் பிழைத்துக்கொள்கிறது. வளைத்த இரண்டு ஓடுகளைச் சேர்க்கும் அந்தத் தைப்பு, வளைவு விசை குறைவாக இருக்கும் பக்கச்சுவரில் வைக்கப்படுவதால் அதற்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. மாட்டிக்கொள்பவை சின்னத் தைப்புகள்: முனையில் வரும் பட்டை, தாங்கு தகடு, பின் செருகும் முளை. மீட்டர் கணக்கில் மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. கழிந்துபோவதில் பெரும் பங்கு இவற்றிலிருந்துதான் வரும் என்று இந்த எண்களைப் பார்த்தே சொல்லலாம்.

மற்ற நெம்புகோல்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆர்க்கைக் கொஞ்சம் குட்டையாக்கி 26 வோல்ட்டை 24ஆகக் குறைத்தால் வெப்பம் 7.7 சதவீதம் குறையும், வர்க்கக் கணக்கால் எட்டு-ஐந்து நேரம் 11.4லிருந்து 9.7 நொடிக்கு வரும். செலவு எதுவுமில்லை, தெறிப்பு மட்டும் கொஞ்சம் கூடலாம். டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடித்து வயர் நீட்சியைக் கூட்டினால் அதே வயர் வேகத்துக்கு ஆம்பியர் இறங்கும். மெட்டல் கோர் வயர் அதே ஆம்பியருக்கு அதிக உலோகம் இறக்கும். இவை அந்த 34.5 ஜூல் என்ற விகிதத்தையே குறைப்பவை என்பதால் கவனிக்கத் தக்கவை. பக்கவாட்டில் ஆட்டி ஓட்டும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். ஆட்டினால் முன்னேறும் வேகம் பாதியாகும், வெப்பம் இரட்டிக்கும், நேரம் நான்கு மடங்காகும்.

வேகம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 300 மி.மீ தைப்பை 36 நொடிக்குப் பதில் 45 நொடியில் ஓட்டினால் வெப்பம் 25 சதவீதம் கூடும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அந்த 9 நொடி தெரியாது. எட்டு-ஐந்து நேரமோ 11.4லிருந்து 17.8ஆகிவிடும். வயர் ஊட்டியில் உள்ள மீட்டர் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும், வேகத்தைக் காட்டாது. நான் பட்டறை நடத்தினால் முதலில் வாங்குவது ஒரு ஸ்டாப்வாட்ச். கையேட்டில் ஆம்பியரோடு, "300 மி.மீக்கு 34 முதல் 38 நொடி" என்று ஒரு வரியும் எழுதிவைப்பேன்.

இந்த 25 சதவீதம் நான் சும்மா எடுத்த எண் அல்ல. வெல்டிங் முறையைச் சோதித்து அங்கீகரிக்கும் ஐ.எஸ்.ஓ 15614-1, அடி தாங்கும் சோதனை தேவைப்படும் இடங்களில், சோதனைத் துண்டில் இருந்ததைவிட 25 சதவீதம் வரை அதிக வெப்ப உள்ளீட்டை அனுமதிக்கிறது. கடினச் சோதனை தேவையானால் கீழ்ப்பக்கமும் 25 சதவீதம். தடித்த தகட்டுக்கு இது நியாயமான சலுகை. 6 மி.மீ தகட்டில் 25 சதவீதக் கூடுதல் வெப்பம் என்பது 56 சதவீதக் கூடுதல் நேரம். விதிப்படி எல்லாம் சரி என்று கையெழுத்தான தைப்பு, எஃகு ஆலையின் தாளின்படி எல்லைக்கு வெளியே இருக்கும். இரண்டு காகிதமும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும், யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. மெல்லிய 960 தகட்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பட்டறை தனக்குத்தானே அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து. பத்துக்கே நேரம் 21 சதவீதம் ஏறும்.

பல்ஸ் மெஷினில் இன்னொரு ஓட்டை. அங்கே மின்னோட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சராசரி வோல்ட்டை சராசரி ஆம்பியரால் பெருக்கினால் வருவது உண்மையான சராசரித் திறன் அல்ல. கணத்துக்குக் கணம் பெருக்கிக் கூட்ட வேண்டும். 2015இல் வந்த ஐ.எஸ்.ஓ தொழில்நுட்ப அறிக்கை 18491 இந்த அளவீட்டுக்காகவே எழுதப்பட்டது. கணத் திறனைக் காட்டாத மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு தசம இடத்துக்கு வெப்பம் எழுதுவது சும்மா அலங்காரம்.

தடிமன் கூடினால் ஹைட்ரஜன் கணக்குக்குள் நுழைகிறது. 12 மி.மீ தகடு, கரிமச் சமானம் 0.37, வெப்ப உள்ளீடு 1 கிலோஜூல். இ.என் 1011-2இன் முன்சூட்டு வாய்பாட்டில், 100 கிராம் தைப்பு உலோகத்தில் 3 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் என்றால் 61 டிகிரி முன்சூடு வேண்டும். 5 மில்லிலிட்டருக்கு 79, 10க்கு 109. ஈரம் பிடித்த வயரும் எண்ணெய் ஒட்டிய தகடும் 48 டிகிரியைக் கூட்டிவிடுகின்றன. அந்த முன்சூடு பின்பு எட்டு-ஐந்து நேரத்தில் வந்து நிற்கும்: 60 டிகிரியில் 8.4 நொடி, 110 டிகிரியில் 10.7. பர்னர் கேஸ் ஒரு செலவு, எட்டு-ஐந்து எல்லைக்குள் குறுகிப்போன இடம் இன்னொரு செலவு. ஐப்பசி மழையில் வயர்ச் சுருளை இரவெல்லாம் மெஷினிலேயே விட்டுவைப்பவர் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்.

வயரைப் பற்றி ஒரு குறிப்பு. உயர்வலிமை எஃகுகளுக்கான திட வயர்களை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ 16834இல் உச்ச வகுப்பு 89, அதாவது 890 மெகாபாஸ்கல். 960க்கே அது கொஞ்சம் கீழே, 1100, 1300 வகைகளுக்கு மிகவும் கீழே. அங்கே தைப்பு உலோகம் தகட்டைவிடப் பலவீனமானது என்பதை ஒப்புக்கொண்டே வடிவமைக்கிறார்கள், தைப்பை விசை குறைந்த இடத்துக்கு நகர்த்துகிறார்கள். வெப்பத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்த இடைவெளி மூடாது. 0.01 கிலோஜூல் குறைக்கப் போராடும் முன் இணைப்பை எங்கே வைத்திருக்கிறோம் என்று வரைபடத்தைப் பார்ப்பது மேல். நெளிந்த துண்டை நெருப்பு வைத்து நிமிர்த்துவதும் வெப்ப உள்ளீடுதான், எந்தக் கையேட்டிலும் அது எழுதப்படுவதில்லை.

கோடிகளில் முதலீடு செய்யக்கூடிய ஆலைகள் லேசரையும் ஆர்க்கையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் முறைக்குப் போகின்றன. 6 மி.மீ தகட்டுக்கு வி வெட்டே வேண்டாம், இரண்டு நேர் விளிம்பை ஒட்டி வைத்து ஒரே பாஸ். 6 கிலோவாட் லேசர், 6 கிலோவாட் ஆர்க், நிமிடத்துக்கு 2 மீட்டர் என்று வைத்தால், அத்தனை திறனும் தகட்டுக்குள் போனாலும் 0.36 கிலோஜூல்தான். ஒரு மீட்டர் தைக்க அரை நிமிடம். காத்திருப்பு இல்லை, நிரப்பும் உலோகம் சொற்பம். எட்டு-ஐந்து நேரம் 3.8 நொடி.

அது 5க்குக் கீழே. கடினம் ஏறும். பதப்படுத்திய எஃகுக்கு, பின்சூட்டு இல்லாத தைப்பில், ஐ.எஸ்.ஓ 15614-1 விதிக்கும் உச்சம் 450 விக்கர்ஸ். அதைத் தாண்டாமலிருக்க, லேசர் தலைக்கு முன்னால் ஒரு தூண்டல் சுருளை ஓடவிட்டுத் தகட்டை 100 டிகிரிக்குச் சூடாக்கலாம். சூடாக்கினால் 5.3 நொடி.